ஒய்பி பேரை யார் அடித்தது?

"ஹலோ! ஹலோ அண்ணே, வைக்காதீங்க! வச்சா மறுபடியும் அடிப்பேன்... ஆமா, காளியம்மாதான். வேற யாரு?... யாரைக் கேட்டு ஒய்பி பேரை அடிச்சீங்க?"

ஈப்போவுக்கு வெளியே, மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் அம்மன் கோயில் வாசலில் நின்று காளியம்மா கத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அர்ச்சனைப் பட்டியலில், ஒய்பி என்று எல்லோரும் சொல்லும் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் மேல் சிவப்புக் கோடு. போட்டவர் கோயில் தலைவர் கனகராஜ்; போனில் அந்தப் பக்கம் அவர்தான்.

"கமிட்டி முடிவா? எந்தக் கமிட்டி? நீங்களும் உங்க மச்சானும் கடையில தே தாரிக் குடிச்சா அது கமிட்டியா?... சரி, சரி, கத்தல. சொல்லுங்க... ம்... ம்... திருவிழாவுக்கு வரல. அதான் கோவமா? அதுக்கு சாமிகிட்ட பேரை வெட்டுவீங்களா?"

"...ஜால்ராவா? நானா? ஓட்டே நான் அவருக்குப் போடலண்ணே!... ஆமா, போடல. ஆனா ஜெயிச்சுட்டாரு. இப்ப நம்ம பொழப்பு அவர் கையில இருக்கு. அவர் நல்லா இருந்து, நல்லபடியா வேலை செய்யணும்னு கும்புடாம என்ன செய்ய?... ஒய்பி சீனராச்சே, அவருக்கு நட்சத்திரம் ஏதுன்னு பூசாரி முழிச்சப்ப, பூரம்னு போடுங்க, அம்மன் பாத்துக்குவான்னு சொன்னவ நானு... சிரிக்காதீங்க!"

"பாலம்ணே, பாலம்! எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூணு தடவ ஈப்போவுல ரத்தம் சுத்தம் பண்ணணும். வேன்காரன் அந்தக் கரையிலயே நின்னுக்கிறான். உடைஞ்ச பலகையில நான்தான் சக்கர நாற்காலியத் தள்ளிட்டுப் போறேன். போன செவ்வா சக்கரம் சந்துல மாட்டிக்கிச்சு. கீழ ஆத்துல முட்ட முட்டத் தண்ணி. மனுசன் என் கையப் புடிச்சுக்கிட்டு, விட்டுறாத, விட்டுறாதங்கிறாரு..."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"...அழல. அதான் புதுப் பாலம் கேட்டு, ஒய்பிகிட்ட சேக்கச் சொல்லி உங்ககிட்ட லெட்டர் குடுத்தோமே. நாப்பத்திரெண்டு வீட்டுக் கையெழுத்து. வீடு வீடா நடந்தது நானு. ஒய்பி ஆபீஸ்ல என்னதான் சொன்னாங்க?... என்ன?... இருங்க, இருங்க. குடுக்கலியா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"திருவிழா மேடையில... அவருக்கு மாலை போட்டு, போட்டோ புடிச்சுக் குடுக்கலாம்னு... சரி... அவர் வரல, அதனால?... அதனால உங்க கார்லயே கெடக்கா? இப்பவுமா?... அட பாவி அண்ணே! பதினோரு வெள்ளிக்கிழமை! அவர் கைக்கே போகாத லெட்டருக்குப் பதில் வரணும்னு பதினோரு வெள்ளிக்கிழமை தேங்கா ஒடைச்சேன்லா! நீங்க அந்த மனுசன் பேருக்கு செவப்பு மையில கோடு போடுறீங்க!"

"...மன்னிப்பெல்லாம் அம்மன்கிட்ட கேளுங்க. எங்க போறீங்க, கமுந்திங் ஊருக்கா? போங்க. போறதுக்கு முன்னால லெட்டர உங்க வீட்டம்மா கையில குடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை நானே கொண்டு போறேன்... மேடையும் வேணாம், பொன்னாடையும் வேணாம்... ஆமா, ஒய்பி பேரை நானே திரும்ப எழுதிக்கிறேன். அடுத்த வரியில உங்க பேரு. உங்களுக்கும் சேத்துத்தான் இனிமே கும்புடணும்... ஹலோ? ஹலோ!"

கனகராஜ் வைத்துவிட்டார்.

லெட்டர் அன்று சாயங்காலமே காளியம்மாவின் கைக்கு வந்துவிட்டது. ஒய்பியின் சேவை மையம் ஜெலாப்பாங் பக்கம். அவளிடம் கார் இல்லை. பஸ் பிடித்துப் போய்த் திரும்பும்வரை அவள் வீட்டுக்காரர் பத்துமலையைத் தனியாக விடவும் முடியாது. இதைப் படிக்கும் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு போக யாரால் முடியும்? இரண்டு மணி நேரம் பத்துமலையோடு இருக்க யார் வருவீர்கள்? பேரை இந்த அறிவிப்பின் கீழே எழுதுங்கள்.