பிங்கிக்கு முன்னால் ஒரு வாய்

கேழ்வரகு மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்தால் பிஸ்கட்டின் ஓரம் உடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, சார்.

பிங்கி எங்கள் முதலாளி வீட்டு லேப்ரடார். போன வருடம், இரண்டாயிரத்து ஏழில், அதற்கு உடம்பெல்லாம் புண். கோதுமை ஆகவே ஆகாது என்றார் நாய் டாக்டர். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பத்து வருடம் பார்த்தவள் நான். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நிர்மலா, உன்ற கைதான் சுத்தம். நீயே ஏதாச்சும் செஞ்சு குடு கண்ணு" என்றார். கேழ்வரகு, கோழி ஈரல், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உப்பு கிடையாது.

பெருமாநல்லூர் மாவு மில்லில் ஒரு தொல்லை. முந்தின ஆளுக்குக் கோதுமை அரைத்த கையோடு நம் கேழ்வரகைக் கொட்டிவிடுவார்கள். எவ்வளவு கலந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை பிங்கி பின்னங்காலைக் கடித்துக் கடித்தே ரணமாக்கிக்கொண்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி ஹாஸ்டலுக்கும் நான்தான் பொறுப்பு. அங்கே தென்காசிப் பக்கத்துப் பெண் நதியா இருந்தாள். சப்பாத்தி தின்றால் அவளுக்குக் கழுத்து தடிக்கும், வாந்தி வரும். பாத்ரூம் வாசல்வரை புளித்த நாற்றம். சொறியும்போது தோல் துகள் பாயில் உதிரும். அவள் தட்டை நான் விரலாலும் தொட்டதில்லை. ஆனால் கோதுமையை அவள் உடம்பு தவறவிட்டதும் இல்லை.

அதனால் ஒவ்வொரு தடவையும் முதல் பிஸ்கட் அவளுக்கு. கழுத்து சுத்தமாக இருந்தால் மறுநாள் பிங்கிக்கு. சப்பாத்தி நாளில் அவள் பட்டினி, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள்.

"நாய்க்கு முந்தி எனக்காக்கா? நமக்கும் மவுசு வந்துட்டுல்லா!" என்று சிரிப்பாள். பிறகு மெதுவாக, "கோதும இல்லியேக்கா?"

"இல்ல கண்ணு, சாப்புடு."

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை பனியன் ஒன்றைத் தெரிந்தே கட்டுக்குள் வைப்போம். செக்கிங் பெண் அதைப் பிடித்தால்தான் அவள் சரி என்று விட்ட மற்றதையும் நம்பலாம். மூன்று வாரமாக நதியாவின் கழுத்தில் ஒன்றும் வரவில்லை. மாவு சுத்தமா, இவள் உடம்பு மரத்துவிட்டதா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டு ஸ்பூன் கோதுமை மாவை நானே கலந்தேன்.

தின்ற கால் மணி நேரத்தில் அவள் உதடு வீங்கியது. "அக்கா, தொண்ட அடைக்குதுக்கா" என்று என் சேலையைப் பிடித்தாள். எச்சில் ஒழுகி முந்தானையில் பட்டது. நான் போய்ச் சோப்புப் போட்டு அலசிவிட்டுத் திரும்பியபோது அவள் அசையவில்லை.

நதியாவின் சாவைக் கவனக்குறைவு என்று எஃப்.ஐ.ஆரில் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம், சார். மிச்சமிருந்த பிஸ்கட் முழுவதையும் அன்றே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். பிங்கி ஒரு துண்டுகூடத் தொடவில்லை.