சந்திரவல்லியின் இடது காது

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, அமாவாசை, சுடுகாடு... இதெல்லாம் சினிமாக்காரன் கட்டிவிட்டது. நிஜப் பேய்க்கு அம்புட்டு நேரங்காலம் கிடையாது. இது நடந்தது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. உச்சி உருமம். தொண்ணூத்தாறாம் வருஷம், சித்திரை மாசம். பேரையூருக்குத் தெற்கே, வறண்ட கண்மாயை ஒட்டி ஒரு ஒத்த ரோடு போகும். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டின தூரம் ஆள் கிடையாது. அந்த வெயிலில் காக்கா பறந்தால் வறுத்த காக்காயாகத்தான் தரையிறங்கும். அதைப் பொறுக்கித் தின்றவனைக்கூட எனக்குத் தெரியும்.

கிட்ட வாங்க. கரண்டு இப்போதைக்கு வராது. காளவாசல் பூராவும் இருட்டு, நம்ம மொட்டைமாடிக்கு மட்டும் தனியாவா விடுவான்? ராமதாஸ் சார், நீங்க நிதானமா சாப்பிடுங்க. தயிர்சாதத்தை ஸ்பூனால சாப்பிடுற ஒரே மனுஷன் மதுரையில நீங்கதான். என்ன ராதாமணியம்மா, உங்க வீட்டுக்காரர் ராமதாஸ் சாரை விட்டுட்டு இந்தப் பக்கம் வாரீங்க? கொசுவா? வாங்க, வாங்க, இப்படி உக்காருங்க.

இது யாருக்கு நடந்தது? இதோ சுவரில் சாய்ந்திருக்கிற கண்ணுச்சாமியின் மச்சான், கருத்தக்கண்ணனுக்கு. பொய் என்றால் இவனையே கேளுங்கள்.

கருத்தக்கண்ணன் மைக் செட் வைத்திருந்தான். கல்யாணமோ, காதுகுத்தோ, சுற்றுப்பட்டியில் எந்த மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாலும் அது அவன் கட்டினதுதான். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று அவனுக்கு இருந்தது. நடிகர் சித்ரசேனன் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். சித்ரசேனனின் சட்டைக் காலர் அளவு தெரியும், செருப்பு சைஸ் தெரியும், எந்தப் படத்தில் எந்தக் கண்ணிலிருந்து முதலில் தண்ணீர் வரும் என்பதுகூடத் தெரியும். அப்பன் செத்த அன்றைக்கு அழாதவன், பதினாறாம் நாள் முடிந்து சித்ரசேனன் படத்துக்குப் போய் உட்கார்ந்துதான் அழுதான். அப்படி ஒரு பாசம். அதில் பொய்யில்லை.

அந்தச் சித்ரசேனன் படங்களிலேயே தலையானது ‘படி தாண்டாப் பாவை’. அப்போதெல்லாம் விசேஷ வீட்டில் பாட்டு மட்டுமா போடுவார்கள்? முழுப்படத்தின் கதை வசனத்தையும் கேசட்டில் ஓடவிடுவார்கள். பந்தியில் சாப்பிடுகிறவன் சாம்பாரில் கை வைத்துக்கொண்டே கூடவே வசனம் பேசுவான். அந்தக் கட்டம் வந்தால் போதும்... சித்ரசேனன் கர்ஜிப்பார்: “படி தாண்டிய பாதகி! பதியின் பாதத்தில் பணிந்து பாவம் போக்கு!” பளார்! ஒரு அறை. கதாநாயகி சந்திரவல்லி விம்முவாள்: “என்னை மன்னிச்சிடுங்க அத்தான்...” உடனே விசில் பறக்கும். பொம்பளைகளும் சேர்ந்து மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த அறை நடிப்பில்லை, நிஜ அறை. இது மன்றத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற சங்கதி. சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்தாராம். எத்தனை தடவை? ஒருத்தன் ஏழு என்பான், ஒருத்தன் பதினேழு என்பான். கருத்தக்கண்ணன் வாயில் அது முப்பதைத் தாண்டிவிடும். அந்தச் சந்திரவல்லி அப்புறம் என்ன ஆனாள், இருக்கிறாளா, செத்தாளா... அது மட்டும் மன்றத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது.

கருத்தக்கண்ணனுக்கு ஒரே தங்கச்சி, முத்துமீனா. அவளுக்கு அவனேதான் மாப்பிள்ளை பார்த்தான். எங்கே? மன்றத்திலேதான். அருண்பாண்டி என்று ஒரு பையன், அந்தக் கட்டத்தை மூச்சுவிடாமல் பேசிக் காட்டினான். அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? கட்டிக் கொடுத்துவிட்டான்.

அந்தப் பையன் வீட்டிலும் பேசிக் காட்டினான். வசனத்தோடு அறையும் உண்டு.

இரண்டு வருஷம் பொறுத்தவள், ஒரு நாள் இடது காதில் ரத்தம் வழிய அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்தக் காது அதோடு போச்சு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அருண்பாண்டியின் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து வருகிறது, தாய்மாமன் என்று அவன் நடுச்சபையில் உட்கார்ந்திருப்பான். கேசட்டில் அந்தக் கட்டம் ஓடும்போது, சந்திரவல்லி பேசப் பேச, முத்துமீனாவும் கூடவே பேசி அவன் காலில் விழ வேண்டும். விழுந்தால் சேர்த்துக்கொள்வான். இல்லாவிட்டால் அத்து விட்டுவிடுவான்.

இதைக் கேட்ட அண்ணன்காரனுக்குக் கோபம் வரணுமே? கண் கலங்கிவிட்டது. “என்னா ஒரு ஐடியா மாப்ளைக்கு!” என்றான்.

காதுகுத்தன்றைக்குக் காலையில் முத்துமீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் போகலண்ணே. போனா அடுத்தது இந்தக் காதுதான்.”

அவன் ஒரு அறை விட்டான். கேட்காத காதுப் பக்கமே விட்டான், அம்புட்டு இரக்கம்! அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டாள். முத்துமீனா கதவை விட்டாள். போய் வண்டியில் ஏறினாள்.

இப்போது வாங்க, அந்த ரோட்டுக்கு.

ஸ்பீக்கரெல்லாம் முதல் நாளே கட்டியாச்சு. சட்டைப் பையில் கேசட்டு, பின்னால் தங்கச்சி. டி.வி.எஸ். ஃபிப்டி திணறிக்கொண்டு போகிறது. கண்மாய்க்கரைப் புளியமரம் வந்ததும்... டக். செயின் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டுகிறான். காற்று நின்றுபோச்சு. ஒரு வாசனை. மல்லிகைப்பூ இல்லை... பவுடரும் எண்ணெயும் சேர்ந்து சூடான விளக்குக்குப் பக்கத்தில் வேகிற மாதிரி... நாடக மேடைக்குப் பின்னால் வருமே, அந்த வாசனை.

நிமிர்ந்தான். மரத்தடியில் ஒரு பொம்பளை.

பழைய காலத்துப் பட்டுச்சேலை. இருபது வயசென்றால் இருபது, எழுபதென்றால் எழுபது. முகம் பூரா ரோஸ் கலர் பூச்சு, சுவருக்கு அடித்த மாதிரி. அந்த வெயிலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. இடது கன்னத்தில் மட்டும் பூச்சு அழிந்திருந்தது. பட்டை பட்டையாக... அஞ்சு பட்டை.

நிழல் விழுதா என்று பார்த்தானாம். உச்சி உருமத்தில் யாருக்கய்யா நிழல் விழும்? அவன் நிழலே அவன் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

முத்துமீனா தண்ணீர் பாட்டிலை நீட்டி, “எந்த ஊரும்மா?” என்றாள்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லு தாயி. அந்தக் காது கேக்காது.”

“எனக்கும் அந்தக் காதுதாம்மா.”

ரெண்டு பேருக்கும் இடது காது. அடுத்தவள் தனக்கு வலது பக்கம் இருந்தால்தான் கேட்கும். இவள் அவளுக்கு வலப்பக்கம் போனால், அவள் இவளுக்கு இடப்பக்கம் ஆகிவிடுகிறாள். அவள் மாறுகிறாள். இவள் மாறுகிறாள். மத்தியான வெயிலில் ரெண்டு பொம்பளைகள், ஒருத்தியை ஒருத்தி சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கருத்தக்கண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் தரையைப் பார்த்தான். சருகு மேலேதான் சுற்றுகிறார்கள். ஒருத்தி காலடியில் மட்டுந்தான் சருகு நொறுங்குகிறது.

கடைசியில் ஒருத்தி கிழக்கே பார்த்தும் ஒருத்தி மேற்கே பார்த்தும் வலது தோளோடு வலது தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். நல்ல காதும் நல்ல காதும் பக்கத்தில்.

“பையில என்ன தம்பி?” என்றாள் அந்தம்மா.

சித்ரசேனன் பேரைச் சொன்னதுமே இவனுக்குப் பயம் போய்விட்டது. படத்தின் பெருமையை அவிழ்த்துவிட்டான். நிஜ அறை, முப்பது தடவை, என்னா ஒரு நடிப்பு... அந்தம்மா கையை நீட்டினாள். கேசட்டை வாங்கி, வலது காதில் வைத்துக்கொண்டாள். டேப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் மட்டும் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது.

“மன்னிச்சிடுங்கன்னு சொல்றது அந்தப் புள்ளை குரல் இல்ல தம்பி. வேற யாரையோ பேசவச்சு ஒட்டுனாங்க.”

“அப்ப... அந்தம்மா என்னதான் சொன்னாங்க?”

அவள் இவனைப் பார்க்கவே இல்லை. அப்படியே சாய்ந்து, முத்துமீனாவின் நல்ல காதில் எதையோ சொன்னாள். ரெண்டு மூணு வார்த்தைதான். கண்மாய்க்குள் இருந்து ஒரு சூறைக்காற்று கிளம்பியது. புழுதி கண்ணை அடைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால்... தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருக்கிறது. கேசட்டு மண்ணில் கிடக்கிறது. எடுத்தான். அந்த வெயிலில் அது ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டது.

“என்ன புள்ள சொன்னுச்சு?”

முத்துமீனா சேலையில் படிந்த புழுதியைத் தட்டினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

காதுகுத்து வீட்டில் நானூறு இலை விழுந்திருந்தது. சரி, நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை மடியில் வைத்தபடி அருண்பாண்டி, புது வேட்டி பளபளக்க, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். “மச்சான், போடுங்க!” என்று கண்ணடித்தான். கருத்தக்கண்ணன் கேசட்டைச் சொருகினான். வேப்பமரத்துக் குழாயில் சித்ரசேனன் கர்ஜித்தார்: “...பதியின் பாதத்தில் பணிந்து பாவம் போக்கு!”

எல்லாரும் அந்தப் பளாருக்குக் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

ஸ்ஸ்ஸ்... என்று டேப்பு மட்டும் ஓடுகிறது. கேசட்டு சிக்கிக்கொண்டதா என்று குனிந்து பார்த்தான். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. குழாயில் ஒரு மூச்சுச் சத்தம். யாரோ விம்மலை அடக்குகிற மாதிரி... அப்புறம் ஒரு பொம்பளைக் குரல். அழுகை இல்லை. கெஞ்சல் இல்லை.

“அந்தக் கையைக் காட்டுங்க.”

குழாயில் மட்டுமில்லை. அருண்பாண்டி முன்னால் நின்றிருந்த முத்துமீனாவும் அதையேதான் சொன்னாள். அதே சொல், அதே மூச்சு, இம்மி பிசகவில்லை.

“என்னடி புது வசனம்?” என்று அருண்பாண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவன் வலது கை... தானாக எழுந்தது. அவன் தூக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவன் அதைக் கீழே இழுக்கத்தான் பார்க்கிறான். கை விரிந்தது.

உள்ளங்கை பூரா ரோஸ் கலர் பூச்சு. அஞ்சு விரலிலும்.

மடியில் இருந்த பிள்ளை வீரிட்டது. அவன் வேட்டியில் துடைத்தான். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. கை அப்படியே இருந்தது. அப்போதுதான் பந்தியில் அந்த வாசனை எழும்பியது... பவுடரும் எண்ணெயும் வேகிற வாசனை. சோறு பிசைந்துகொண்டிருந்த ஆம்பளைகள் ஒவ்வொருத்தனாகக் கையை நிறுத்தினார்கள். ஒருத்தன் இலையைப் பார்த்தான், மூடினான். ஒருத்தன் கையைக் கைலிக்குள் செருகினான். ஒருத்தன் கக்கத்தில். சோறு வடிக்கிற பெரியாளு ஒருத்தன் கொதிக்கிற அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒருத்தனும் ஒருத்தன் முகத்தைப் பார்க்கவில்லை. பொம்பளைகள் மட்டும், பரிமாறின கரண்டியோடு அப்படி அப்படியே நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருத்தக்கண்ணன் பாய்ந்து டேப்பை அமுக்கினான். சத்தம் நின்றது. விரலை எடுத்தான். கறுப்புப் பொத்தான் மேல் ரோஸ் கலரில்... அவன் விரல் ரேகை.

காலையில் கதவடியில் விட்ட அந்த ஒரு அறை.

“அண்ணே,” என்றாள் முத்துமீனா. “வண்டிய எடு. வீட்டுக்குப் போவோம்.”

எடுத்தான். அன்றைக்குப் படி இறங்கினவள் அந்த வீட்டுப் படி மறுபடி ஏறவில்லை. இப்போது உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். நல்ல காதில் பென்சில் செருகியிருப்பாள். அருண்பாண்டி கூப்பிட வரவே இல்லை. எப்படி வருவான்? கையை எங்கே வைப்பான்?

மன்றத்துக்காரர்கள் அந்தக் கேசட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அறை இருந்தது, மன்னிச்சிடுங்க அத்தான் இருந்தது, எல்லாம் பழையபடி. கருத்தக்கண்ணனுக்கு மட்டும் இப்போது தெரிந்தது, விம்முகிறது ஒரு குரல், மன்னிப்புக் கேட்கிறது வேறு குரல். இத்தனை வருஷம் எத்தனை மரத்தில் கட்டிக் கேட்டவன்! அதற்கப்புறம் அவன் மைக் செட் கட்டவில்லை. கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான், செங்கல்லை வைத்துத் தேய்த்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அவன் கை சுத்தமாகத்தான் தெரிகிறது. சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனால் அவனுக்கு அந்த வாசனை. அதனால் இன்றுவரை, கம்மங்கூழாக இருந்தாலும் ஸ்பூனால்தான்.

அட... கரண்டு வந்துருச்சு! இருங்க, படிக்கட்டுப் பக்கம் போய் இந்தப் பல்பையும் போட்டுடுறேன். ம்... இப்ப பாருங்க, எம்புட்டு வெளிச்சம்.

எந்திரிக்காதீங்க. சும்மா, ஒரு விளையாட்டுக்கு. ஆம்பளைங்க எல்லாரும் அந்தக் கையைக் காட்டுங்க பாப்போம். இந்தா, இது என்னோடது. கண்ணுச்சாமி... சரி, உள்ள வச்சுக்க.

ராமதாஸ் சார்?

என்ன சார், துண்டுக்குள்ள வச்சுக்கிட்டு... சாப்பிட்டு முடிச்சாச்சுல்ல? விளையாட்டுக்குத்தான் சார்.

ராதாமணியம்மா, நீங்களாவது சொல்லுங்களேன் அவருட்ட...

அம்மா?

அம்மா... உங்க இடது பக்கம் நின்னு கூப்பிடுறேனே... கேக்கலையா?