பெட்டி சொன்ன 'இருக்கேன்'

தலைமை ஏற்றிருக்கும் மருந்துக்கடைக்காரர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் தம்பி அவர்களே! வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தனியே விட்டுவிட்டு இங்கே வந்து கூடியிருக்கும் பெயர்களே! ஆம், பெயர்கள் என்றுதான் அழைக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக என் திரையில் உங்களைப் பச்சை எழுத்துகளாகவே பார்த்தவன் நான். உங்களில் பலருக்கு முகமும் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

எக்ஸ்சேஞ்ச் அக்கா நம்மை விட்டுப் போய்விட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் இணைப்புக் கொடுத்தார். நான் லைன்மேன், கம்பம் ஏறினேன். வயதில் நான்தான் இரண்டு ஆண்டு மூத்தவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்தக் குரலைக் கேட்டவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்?

ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? என்னைப் போல் மத்தியானம் தூங்குவார்கள். அக்கா என்ன செய்தார்? இங்கே வந்திருக்கும் தையற்காரம்மா தம் தையல் மாதிரிகளை வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்து வலைத்தளம் நடத்த ஆசைப்பட்டார். கரண்ட் போய் வந்தால் போதும், வீட்டு இன்டர்நெட் இணைப்பின் எண் மாறிவிடும். தளத்தைத் தேடி வருகிறவர்கள் பழைய எண்ணுக்குப் போய் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். "எண் மாறினா மாறட்டும். பேரு மாறலையே! எங்கிட்ட கேட்டா நான் சொல்றேன்" என்றார் அக்கா. அவ்வளவுதான் தொடக்கம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் அக்காவின் பெட்டிக்குச் சேதி அனுப்பும். 'இருக்கேன், என் எண் இது' என்பதுதான் சேதி. சேதி வந்தால் எங்கள் திரையில் அந்தப் பெயர் பச்சை, நின்றால் சிவப்பு. உலகத்தில் யார் அந்தப் பெயரைக் கேட்டாலும் அக்காவின் பெட்டி சரியான எண்ணைச் சொல்லும். அக்கா தம் வீட்டு இணைப்பின் எண் மட்டும் மாறாமல் இருக்க இன்டர்நெட் கம்பெனியில் கேட்டு வாங்கியிருந்தார். அவர் பெட்டி படுத்தால் தாங்கிப் பிடிக்க என் வீட்டில் இன்னொரு பெட்டி. என் வேலை அதைத் துடைப்பது மட்டும்தான்.

முதல் முறை அவர் அதைக் காட்டிய நாளை எப்படி மறப்பேன்! கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் ஒருவர் தையற்காரம்மாவின் பெயரைத் தட்டுகிறார். கேள்வி கடலுக்கடியில் ஓடி வந்து, சமையலறை அலமாரிக்கும் செருப்பு வைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த அக்காவின் பெட்டியைத் தொட்டு, பதிலோடு திரும்பிப் போகிறது. நான் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. முப்பது வருடம் கம்பி இழுத்தவன் நான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அக்கா மட்டும், "காபி ஆறுது, குடிங்க" என்றார்.

ஒரு வீடு முந்நூற்றுப் பன்னிரண்டு வீடானது. பறவைகளின் குரலைப் பதிந்து வைக்கும் நர்ஸ், மழையை அளந்து போடும் கணக்கு வாத்தியார், பழைய கடிகாரங்களின் உள்பாகங்களை வரைந்து வைக்கும் கடிகாரக்காரர். பெரிய கம்பெனிகள் திரும்பிக்கூடப் பார்க்காத இத்தனை பேரையும் உலகத்தோடு இணைத்து வைத்தது யார்? மூட்டு வலியோடு மாடிப்படி ஏறிய ஒரு பெண்மணி!

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெட்டி ஒரு முழு நாள் பேசாவிட்டால், உடைமைக்காரரை டெலிபோனில் கூப்பிடுவார். "ஒரு பெட்டி நின்னதுக்கு இப்படியா ஊரைக் கூட்டுவீங்க?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். கடிகாரக்காரர் ஒருமுறை எரிந்து விழுந்தாராம்: "பெட்டி செத்துப்போச்சும்மா, அதுக்கென்ன இப்போ?" அக்கா சொன்னது: "பெட்டி கிடக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?"

அடுத்த முறை கடிகாரக்காரர் போனையே எடுக்கவில்லை. அக்கா விடவில்லை. அவர் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும், இன்று தலைமை ஏற்றிருக்கும் இவரைக் கூப்பிட்டு, "உடனே மேல போய்ப் பாருங்க" என்றார். தூசி தட்டப் பெட்டியை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறியவர், இடுப்பெலும்பு முறிந்து முந்தின நாளிலிருந்து தரையில் கிடந்தார். இதோ, இரண்டாம் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். வணக்கம், ஐயா!

இனி நான் சொல்வதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா திங்கட்கிழமை பிற்பகல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தம்பி வந்து கதவைத் திறந்தது புதன்கிழமை மதியம். இடையில் செவ்வாயும் புதனும் காலையில் நான் திரையைப் பார்த்தேன். அக்காவின் பெயர் பச்சையாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பெட்டி 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் நிம்மதியாகக் காபி குடித்தேன். பெட்டி இருந்தது ஐயா, அக்கா இல்லை! ஒரு போன் செய்திருக்கக் கூடாதா நான்? என்னை நான் எப்படி மன்னிப்பேன்?

மேசையில் ஒரு நோட்டு கிடைத்தது. அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் தேதிகள். பெட்டி நின்றவர்களை மட்டுமல்ல, நன்றாக ஓடியவர்களையும் முறை வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் என் பெயர்! பெட்டியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோட்டு முழுக்கத் தேடினேன். அக்காவின் பெயர் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டியது யார் என்று நாம் ஒருவருமே யோசிக்கவில்லை.

தம்பி நேற்று, "வீட்டைக் காலி பண்ணணும். இதை அணைச்சிடலாமா அண்ணா?" என்று கேட்டார். கடிகாரக்காரர் முந்திக்கொண்டு, "எங்கிட்ட குடுங்க. இனிமே ஸ்டூல்ல ஏற மாட்டேன்" என்றார். அந்த மாறாத எண்ணையும் அவர் வீட்டுக்கு மாற்றித் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. நோட்டைப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது. கூப்பிடுகிறவரைக் கூப்பிடவும் ஓர் ஆள் வேண்டும். இதுதான் இந்தக் கூட்டத்தில் நாம் செய்யும் சத்தியம்.

நாளை காலை பத்து மணிக்கு, கடிகாரக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோக, அந்தப் பெட்டியின் ஒயரை நான் பிடுங்குவேன். நான் வீடு திரும்பிப் பார்க்கும்போது, ஒன்பது ஆண்டில் முதல் தடவையாக என் திரையில் அக்காவின் பெயர் சிவப்பாக இருக்கும். கை தானாக அவர் வீட்டுக்குப் போன் போடப் போகும். எடுக்க ஆள் இருக்காது. அதனால் நோட்டின் முதல் பெயரைக் கூப்பிடுவேன். தையற்காரம்மா, உங்களைத்தான். எடுத்ததும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பேன்.