கிளீட்டஸ் குடும்பக் கல்லறை

கறுப்புக் கிரானைட் வாங்குகிறவர்கள் கடற்காற்றை நினைத்துப் பார்ப்பதில்லை. நாலு நாள் துடைக்காமல் விட்டால் உப்புப் படிந்து சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக நானே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வேறு ஆள் துடைத்தால் கீறல் விழும்.

அந்தக் கல்லறையைத்தான் வியாழக்கிழமை தாசில்தாரைக் கூட்டிவந்து திறக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். முன்பக்கம் ஒரே பலகை, சார். கடப்பாரை வைத்தால் போச்சு. அதனால்தான் நீங்கள் கூப்பிடுமுன்னே நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லை உடைக்காதீர்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் மணல் குழிதான். இடம் போதாது, அதனால் சில வருடம் கழித்துப் பழைய குழியைத் தோண்டி அடுத்த ஆளைப் போடுவார்கள். கிடைக்கிற எலும்பு மூலையிலுள்ள பொதுக்குழிக்குப் போகும். குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு அடக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குழிவெட்டுகிறவர் தள்ளிவிட்ட மண்ணோடு ஒரு தாடையெலும்பு என் ஷூவின்மேல் விழுந்தது. முன்பல்லில் வெள்ளி கட்டியிருந்தது. என் அப்பாவின் பல். அண்ணன் சிலுவைதாசன் குனிந்து அதை எடுத்தான். தோளில் கிடந்த துவர்த்தால் துடைத்தான். உதட்டில் வைத்து முத்தி செய்து பொதுக்குழியில் கொண்டு வைத்தான். அந்த ஷூவை நான் வீட்டுக்குள் ஏற்றவில்லை.

அன்றே முடிவு செய்தேன், என் குடும்பம் அந்த மணலில் கிடக்கக்கூடாது. முன்வரிசையில் குடும்பக் கல்லறை கட்டலாம் என்று பங்குப் பேரவை அனுமதித்ததும் முதல் ஆளாகக் கட்டினேன். நாலு அறை, ஸ்டீல் கைப்பிடி, தங்க எழுத்தில் 'கிளீட்டஸ் குடும்பம்'. பக்கத்து இடத்தை டிஜோ வாங்கினான். அவனும் என்னைப்போல கல்ஃப்காரன்தான். நான் கார் வாங்கினால் அதைவிட நீளமாக ஒரு கார் வாங்குகிற ஜாதி. அவன் வெறும் டைல்ஸ் ஒட்டினான். பார்ப்பதற்குக் குளியலறை மாதிரி இருந்தது.

ஆனால் அவன் கொடுத்துவைத்தவன். மூன்றாம் மாதமே அவன் அம்மா இறந்தாள். டிரோன் பறந்தது, பேண்டு வாசித்தார்கள், மொத்த ஊரும் அந்தக் குளியலறையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது. என் கல்லறை பக்கத்தில் காலியாக நின்றது. அன்று டிஜோ என் தோளில் கைபோட்டு, நாலு பேர் கேட்க, "மக்கா, வீடு கட்டினா பாலு காய்ச்சலாம். நீ கட்டி வச்சிருக்கியே, இதுக்கு யாரைக் காய்ச்சப் போற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் எப்படிச் சிரிக்க மனம் வருகிறதோ.

அதைக்கூடப் பொறுத்தேன். போன வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, ஆன்மாக்கள் திருநாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி நிற்கும். பங்குத்தந்தை ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். மணலில் கிடக்கிறவர்களுக்கும் தெளிப்பார். நான் நாற்பது மெழுகுதிரி வைத்திருந்தேன். என் முன்னால் வந்தவர், "இங்க ஆளு இல்லல்லா கிளீட்டஸ், அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு டிஜோவின் கல்லறைக்குப் போய்விட்டார். ஒரு சொட்டு விழவில்லை, சார். நான் மெழுகுதிரிகளை ஊதி அணைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடத்துக்குள் ஆள் வேண்டும். எனக்கோ மனைவிக்கோ ஒரு நோயும் இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது. காலில் ஆறாத புண்.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் வள்ளம் வரைக்கும் கடலை விடாதவன். என்னைப் படிக்கவைத்தவன் அவன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் வந்துபோனால் என் சோபாவில் மீன்செதிள் ஒட்டியிருக்கும். அதனால் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வெளியே போட்டிருந்தேன். மரியாதையாகத்தான் உட்காரச் சொல்வேன். நல்ல மனிதர்கள் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்தப் புண்காலோடு வருவான். அந்த நாற்றம் என் வீட்டு ஏசியில் ஏறிக்கொள்ளும்.

முதலில் நான் கேட்டுத்தான் பார்த்தேன். "அண்ணே, காலம் வரும்போது உனக்கு எனக்க கல்லறைதான்" என்றேன். அவன் சிரித்தான். "ஏலே, அந்தப் பெட்டிக்குள்ள எனக்கு மூச்சு முட்டும். அப்பன் கெடந்த மணலுல போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்." செத்தவனுக்கு எங்கே மூச்சு முட்டும்? சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கிளீட்டஸின் அண்ணன் எலும்பு ஒருநாள் எவனுடைய ஷூவின்மேலாவது விழும், அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

காத்திருந்தேன். ஆகஸ்டில் டாக்டர் அவனைப் பாராட்டினார், புண் ஆறிவருகிறது என்று. அண்ணன் மனைவி, மைனி வியாகுலம்மாள், சர்க்கரை போட்ட பாயசத்தோடு என் வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் ஒரு கிளாஸ் குடித்தேன்.

அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அண்ணனின் இன்சுலின் ஊசி மருந்து என் வீட்டு டபுள் டோர் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. காலையும் மாலையும் மைனி வந்து எடுத்துப் போவாள். வாங்கும்போதே மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார், உறைந்துபோனால் இது தண்ணீருக்குச் சமம் என்று. நான் செய்ததெல்லாம் கீழ்த்தட்டில் இருந்த திறக்காத புட்டியை மேலே ஃபிரீசரில் வைத்து, மறுநாள் பழைய இடத்தில் வைத்ததுதான். ஒவ்வொரு புட்டிக்கும் அப்படிச் செய்தேன். யாரையும் அடிக்கவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை.

ஐந்து வாரம் ஆனது. தாகம், தாகம் என்று குடம்குடமாகக் குடித்தான். புண் மறுபடி வாய் திறந்து கணுக்கால் வரை கறுத்தது. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். "நீ ஒழுங்கா ஊசி போடுதியா இல்லியா ஏட்டி?" என்று அண்ணன் மைனியை ஏசினான். அவள் மாதா படத்தின்மேல் சத்தியம் செய்து அழுதாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்து, தன் கைதான் தப்பு என்று நம்பத் தொடங்கினாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அழாதீர்கள் மைனி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

இந்த மாதம் நாலாம் தேதி போனான். அடக்கத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். கண்ணாடிப் பெட்டி, இரண்டு பேண்டு. கால் நாற்றம் தெரியாமலிருக்க குவைத்திலிருந்து கொண்டுவந்த ஊது அத்தர் வாசனைத் தைலம் ஒரு முழுப் புட்டியையும் ஊற்றினேன். கல்லறையில் பதிக்கிற போட்டோவில் ஸ்டூடியோக்காரன் அவனுக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டான். பார்க்க வங்கி மேனேஜர் மாதிரி இருக்கிறான். மணல், மணல் என்று மைனி கத்தினாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன். டிஜோ அன்று தன் குளியலறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அண்ணன் மகள் ஜெனிலா நர்சிங் படிக்காமலிருந்தால் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கமாட்டோம். மிச்ச மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுக்கும்போது ஃபிரீசரில் ஒரு புட்டி உறைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டாள். எடுத்துவைக்க மறந்தது என் தப்பு.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்து செய்தேன். வாக்குமூலம் இருந்தாலும் உடலை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்கிறீர்கள். சரி, சட்டம் அப்படியென்றால் என்ன செய்வது. கல் பதித்த குமாரதாஸ் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், அவர் இணைப்பு பார்த்துக் கழற்றுவார்.

ஆனால் பரிசோதனை முடிந்ததும் உடலைத் தன்னிடம் தரச்சொல்லி மைனி மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நவம்பர் இரண்டுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. நான் ஜெயிலில் கிடந்தால் கிடக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. சொந்த அண்ணனை மணலில் போட்டுவிட்டான் கிளீட்டஸ் என்றால், ஊரில் என்னை யார் மதிப்பார்கள், சார்?