கழுவாத தாடை காத்த குகை

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர், ஊர்த்தலைவர் கிர்ஸே அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே, மந்தை மேய்த்து மலையளந்த மாவீரர்களே, மணல் போட்டுத் தேய்த்தே பாத்திரமெல்லாம் பாதியாக்கிய என் தாய்மார்களே, கசாப்புக் கடைக்காரி ரெமேயின் தலைதாழ்ந்த வணக்கம்.

எதற்காகக் கூடினோம்? நம் மலைக்குகையை மண்போட்டு மூட நினைத்தார்கள், மூடவில்லை. அதற்காகக் கூடினோம். யாரால் நடந்தது? தொல்லியல் படித்து இங்கே தோண்ட வந்த நம் மிரேயாவால். ஆதி மனிதர் அந்தக் குகையில் தின்று போட்ட காட்டாட்டுப் பற்களைத் தோண்டி எடுத்தாளே, அந்தப் பெண்ணால். வேட்டைக்கு வந்து போனவர்களா அவர்கள், வருடம் முழுக்க வாழ்ந்த குடிகளா? பல்லைக் கேட்டால் சொல்லும் என்றாள். சாவதற்கு முன் சில நாள் ஆடு எதைத் தின்றதோ, அதன் தடம் பல்லில் தங்கும். வசந்தத்துப் புல் என்றால் கீறல், குளிர்காலத்துச் சுள்ளி என்றால் குழி.

ஒத்துப்பார்க்க நம் வெள்ளாட்டுத் தாடைகளை மாதவாரியாகக் கேட்டாள். கொடுத்தோமா? வாரி வாரிக் கொடுத்தோம். நுண்ணோக்கியில் வைத்தால் மார்கழியிலும் கீறல், மாசியிலும் கீறல், எங்கும் கீறல், எதிலும் கீறல். "உன் முறையே தப்பு. ஒரு வருஷம் தரேன், இல்லேன்னா குகையை மூடிடலாம்" என்று சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர். என் கடையில் உட்கார்ந்து அழுதாள் மிரேயா.

"ரெமேயக்கா, உங்க ஊர் ஆடெல்லாம் மணலையா திங்குது?"

என்ன எங்க்ராசியா, அதற்குள் சிரிக்கிறாய்? உன் கதைதான் வருகிறது, பொறு.

மறுநாள் ஊர்ச் சலவைத் துறைப்பக்கம் போன மிரேயா என்ன கண்டாள்? எங்க்ராசியா ஒரு தாடையைக் கல்லில் வைத்து, மணலும் காடியும் போட்டுப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க அக்கா?"

"பாத்தா தெரியலையா? பச்சைப் பல்லோட உன்கிட்ட குடுத்தா நாலு பேர் என்னடி சொல்லுவாங்க?"

"எல்லாருமே இப்படித்தான் தேய்ச்சீங்களா?"

"பின்னே? இந்த ஊர்ல எந்த வீட்லேர்ந்துடி அழுக்குச் சாமான் வெளிய போயிருக்கு?"

ஆட்டின் வாழ்க்கையை அழித்துவிட்டு நம் அன்பை எழுதி வைத்திருந்தோம், தாய்மார்களே. மிரேயா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

அன்று தொடங்கியது தவம். தேய்க்காதே, துடைக்காதே, தொடவே தொடாதே. கை அரித்தது நமக்கு, இல்லையா? இருந்தும் மாதந்தோறும் தாடை வந்தது. கடைசியாக வேண்டியது வசந்தத்துத் தாடை ஒன்று. அந்த மாதம் வெட்டியதோ எங்க்ராசியாவின் ஆடு ஒன்றே ஒன்று. நாளும் எந்த நாள்? ஊர்த்திருவிழா நாள், வாசற்படியெல்லாம் கண்ணாடியாய் மின்னும் நாள்.

சதுக்கம் நிறைந்த கூட்டத்தின் நடுவே வந்தாளே எங்க்ராசியா. விரித்த கையில் தாடை, பல்லிடுக்கில் பச்சைப்புல், சுற்றிலும் ஈ. அவள் கணவர் கூனிக் குறுகிப் பின்னால் ஓடி வந்தார்.

"மானம் போவுது, துணியாவது போட்டு மூடேன்."

"துணி உரசும். நீ சும்மா வா."

அந்தத் தாடை பேசியது, அன்பர்களே. அதில் வசந்தம் தெரிந்தது, மற்றவற்றில் குளிர்காலம் தெரிந்தது. குகைப் பற்களை அருகில் வைத்தால் இரண்டும் இருந்தன. வந்து போனவர்கள் இல்லை அவர்கள், பனியிலும் இங்கேயே வாழ்ந்தவர்கள். குகை பிழைத்தது, மிரேயாவின் உழைப்பு பிழைத்தது.

கற்றவள் கேட்டாள் என்றா கொடுத்தோம்? இல்லை, நம் பிள்ளை அழுதாள் என்று கொடுத்தோம். பளபளக்கும் படிக்கட்டு நமக்குப் பெருமைதான். ஆனால் ஊர் பார்க்க ஒரு அழுக்குத் தாடையை ஏந்தி நடந்த அந்தக் கை இருக்கிறதே, அதைவிடச் சுத்தமான கையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

எழுந்து நில் எங்க்ராசியா, எல்லோரும் பார்க்கட்டும். பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி, இந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.