வளையாத கப்பல் வழி

எனக்கு நீச்சல் தெரியாது, ஐயா. கடலைப் பங்கு போடும் வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏசி அறை, இரண்டு திரை, ஆறிப்போன காப்பி, அவ்வளவுதான்.

காற்றாலை எங்கே, மீன்பிடிப்பு எங்கே, கப்பல் வழி எங்கே என்று கணினி நூற்றுக்கணக்கில் வரைபடம் போடும். நல்ல மதிப்பெண் வாங்கியவற்றை ஜோடி சேர்த்துக் குட்டி போட வைக்கும், மற்றவை சாகும். தலைமுறைக்குத் தலைமுறை வரைபடம் தேறும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது மட்டும் என் கையில்.

கணினியை எத்தனை முறை ஓட்டினாலும் கப்பல் வழி ஓரிடத்தில் வளைந்தே போனது. அங்கே சிறு படகுகள் வலை போடும். அவற்றில் இருப்பிடம் காட்டும் கருவி கிடையாது, கணினிக்கு அவை தெரியாது. என் தங்கை கணவர் சொல்லித்தான் அந்த இடமே எனக்குத் தெரியும். கப்பல் அதைத் தொட்டால் மதிப்பெண் குறையும்படி வைத்தவனும் நான்தான்.

மேலதிகாரிக்கு வளைவு பிடிக்கவில்லை.

"எரிபொருள் வீணாகுதுப்பா. கம்ப்யூட்டர்தானே போடுது, நேராப் போடச் சொல்லு."

அந்த மதிப்பெண் குறைப்பைப் பூஜ்யமாக்கினேன். சில தலைமுறைகளில் வழி தானாக நிமிர்ந்தது. நான் ஒரு கோடும் வரையவில்லை.

வழி திறப்பதற்கு முந்தின நாள் தங்கை கணவரைக் கூப்பிட்டேன்.

"மச்சான், நாளைக்குப் படகை எடுக்காதீங்க."

"ஏன், காத்து அடிக்குமா?"

"சும்மாதான். வீட்ல இருங்க."

"உங்க தங்கச்சி சமையலுக்குக் கடலே தேவலை மச்சான்" என்று சிரித்தார். ஆனால் போகவில்லை. படகு சும்மா நிற்பானேன் என்று தன் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். விடியும்போது மூடுபனி. இடித்ததே கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாதாம். அங்கே வலை போட்ட ஒருவரும் திரும்பவில்லை.

தங்கை கணவர் இப்போது இந்த விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்கிறார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கதவு அசைந்தாலே அவர்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். தயவுசெய்து தாழ்ப்பாள் போடுங்கள்.

எல்லோரையும் எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். எப்படி ஐயா? எச்சரித்தால் வரைபடம் தப்பு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் போட்டதிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது அது.