ஆந்தைக் கடிகாரம் கேட்டவர்

மார்ச் 9, சனி. நேற்று சாஃப்ட்வேரை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய், அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளைக் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே விட்டுவிட்டேன். அண்ணன் அண்ணியின் மரப் பட்டறையில் பலகை வெட்டும் மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு இணையம் கிடையாது என்று தெரிந்தும் செய்த தவறு. இன்று மறுபடி போனேன். அங்கே அண்ணியும் நானும் பேசியதை மட்டும் எழுதுகிறேன். இடையில் நான் எதையாவது விளக்கப் போனால் அது சரியாக இருக்குமா என்று தெரியவில்லை.

— பென்டிரைவ் சொருகுற அந்த ஓட்டை கெட்டுப் போச்சுன்னு சொல்றேனே. விடு.

— கெடல அண்ணி. நேத்து நீங்க சாமான் கொடுக்கப் போயிருந்தப்ப இதுலதான் போட்டேன். மேல ஒட்டியிருந்த டேப்பைப் பிரிச்சேன், அவ்வளவுதான். பிரிக்கக் கூடாததைப் பிரிச்சுட்டேனா?

— பிரிச்சாச்சு, இனிமே என்ன. நேத்தே போட்டுட்டேன்னா இன்னிக்கு எதுக்கு வந்தே?

— சாஃப்ட்வேரை மட்டும் கொண்டு வந்துட்டேன். துணை ஃபைலெல்லாம் இல்லாம உட்கார மாட்டேன்னுடுச்சு.

— மாப்பிள்ளையை மட்டும் கூட்டிட்டு வந்துட்டே. மாமன் மச்சான் எல்லாரும் வந்தாத்தான் மேடை ஏறுவேன்னுட்டாராக்கும்.

— நெட் இருந்தா அவங்களையெல்லாம் அதுவே போய்க் கூட்டிட்டு வந்துடும். இங்கதான் கிடையாதே. இன்னிக்கு எல்லாரையும் அழைச்சுட்டு வந்திருக்கேன். சரிபார்த்துட்டேன். மறுபடியும் சரிபார்த்தேன்.

— உங்க அண்ணன்தான் நெட்டே வேண்டாம்னாரு. பாதிப் பலகை வெட்டும்போது கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பிச்சுக்கிறேன்னு கிளம்பிச்சுன்னா பலகை போச்சும்பாரு.

— ஞாபகம் இருக்கு. மெஷின் வந்த புதுசுல, ஏதாவது ஆச்சுன்னா அமுக்குன்னு என்னைச் சிவப்புப் பொத்தான் மேல கையை வச்சு உட்கார வச்சீங்களே ரெண்டு பேரும். எனக்குத் தும்மல் வந்து அமுக்கிட்டேன்.

— அன்னிக்கு வெட்டின பலகைதான் இப்ப நீ உட்கார்ந்திருக்கிற ஸ்டூல். ஒரு ஓரம் வெட்டாமலே நின்னு போச்சு. திட்டப் போறாருன்னு பார்த்தா, பலகையைப் பிடிச்சுட்டுச் சிரிக்கிறாரு. புருவம், மீசையெல்லாம் மரத்தூள். மாவு மில்லுல இருந்து எழுந்து வந்த ஆள் மாதிரி.

— சாஃப்ட்வேர் ஏறிட்டு இருக்கு அண்ணி. இது முடிஞ்சுதுன்னா திரையில படம் வரைஞ்சா போதும். கட்டர் எங்க இறங்கணும், எப்படித் திரும்பணுங்கிறதையெல்லாம் அதுவே எழுதிடும். புது வடிவம் ஒண்ணு வேணும்னா அண்ணன் வெளியூர்ல இருந்து ரயிலேறி வந்து ஒவ்வொரு வரியா எழுத வேண்டாம்.

— டீ போடட்டுமா?

— இப்பத்தானே குடிச்சோம்.

— கரண்ட் போனாலும் போகும். இன்னொரு நாள் வச்சுக்கலாமே.

— உங்களுக்குப் பிடிக்கலையா அண்ணி? நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோ என்னவோ. நாற்காலிக் கடைக்காரர் புது மாதிரி முதுகு கேட்டாரு. சீக்கிரம் தரலைன்னா வேற பட்டறைக்குப் போயிடுவேன்னாரு. அண்ணனுக்கு லீவு கிடைக்கல. அவரேதான் என்னைப் போடச் சொன்னாரு.

— அவரா சொன்னாரு?

— ஆமா. அலைச்சல் குறையும்னாரு.

— அலைச்சல்.

— அண்ணி, இந்த டேப்பை யார் ஒட்டினது?

— தூசி போகக் கூடாதுன்னு நான்தான்.

— கம்ப்யூட்டர் பெட்டியே மூடி இல்லாம திறந்து கிடக்கு. அதுக்குள்ள போகாத தூசியா?

— வக்கீல் மாதிரி கேட்காதே. வெளியூர் வேலைக்குப் போன புதுசுல அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அங்கிருந்தே எழுதி மெயில்ல அனுப்புறேன், தங்கச்சி பென்டிரைவ்ல கொண்டு வந்து போடட்டும், நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்னாரு. ஓட்டை கெட்டுப் போச்சுன்னு சொன்னேன்.

— நம்பிட்டாரா?

— வந்தாரு. டேப்பைத் தடவிப் பார்த்தாரு. ஆமா, கெட்டுத்தான் போச்சுன்னு சொல்லிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சாரு. அப்போ அப்படி. இப்போ அலைச்சலாம்.

— அப்ப அந்த ஆந்தைக் கடிகாரம்? மழைக்காலத்துல யாரோ அவசரமாக் கேட்டாருன்னு அண்ணனை வரவழைச்சீங்களே. அந்த ஆள் வாங்க வரவே இல்லையேன்னு நான்கூட நினைச்சேன்.

— அப்படி ஒரு ஆள் இல்ல.

— கடிகாரம்?

— கட்டிலுக்கு அடியில இருக்கு. இடது கண்ணு சின்னதா இருக்குன்னேன். அழிச்சு எழுதினாரு. மறுபடியும் பார்த்துட்டு, இன்னும் சின்னதாத்தான் இருக்குன்னேன். ஒரு நாள் கூடத் தங்கிட்டுப் போனாரு.

— சின்னதாவா இருந்துச்சு?

— இல்ல.

— முடிஞ்சுதுன்னு காட்டுது அண்ணி. வேண்டாம்னா எடுத்துடறேன். எனக்குப் போடத் தெரியலைன்னு அண்ணன்கிட்ட சொல்லிடலாம். என்னைப் பத்தி அப்படிச் சொன்னா உடனே நம்புவாரு.

— நாற்காலிக் கடைக்காரருக்கு யார் பதில் சொல்றது? பட்டறையை மூடிட்டு ஆந்தையைக் கட்டிப்பிடிச்சுட்டு உட்காரவா? எடுக்காதே. திற. அந்த நாற்காலி முதுகை வரை, பார்ப்போம்.

— ஒரு நிமிஷம்… இந்த வளைவு இப்படி. கட்டர் அளவு கொடுத்தாச்சு. பாருங்க, நீலமா ஓடுதே, அதுதான் கட்டர் போற வழி.

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான்.

— அவருக்கு இதுக்கு ஒரு பகல் முழுக்க வேணும். நான் பக்கத்துல நின்னு அளவு சொல்லிட்டே இருப்பேன். ஒரு தடவை சொன்ன அளவையே மறுபடி கேட்பாரு.

— மறந்துடுவாரா?

— தெரியல. கேட்டதில்ல. சரி, நாளைக்கு என்ன வேலைன்னு எழுதிப்பியே, எழுதிக்கோ. காலையில நாற்காலி முதுகை வெட்டணும். நல்லா வந்துச்சுன்னா கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பணும்.

— எழுதிட்டேன்.

— அப்புறம் உங்க அண்ணனுக்கு நான் போன் போடணும். மெஷினுக்கு இனிமே நீங்க வேண்டாம், சும்மா வாங்கன்னு சொல்லணும்.